லைக்கார்ட் ஓவல்: ஒரு கிளப் தன் மைதானத்தை விட்டு எப்படிப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் என்ற ரக்பி லீக் அணியின் ஆட்டம் இருந்தால், சிட்னியின் லில்லிஃபீல்டு பக்கம் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. லைட் ரயிலில் இருந்து இறங்கி, ஆரஞ்சும் கறுப்பும் போட்ட ஜெர்சிகளின் பின்னால் நடந்தால் போதும். குறுகலான தெருக்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். திடீரென்று வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும். அந்தப் பக்கம் கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் அயர்ன் கோவ். இந்தப் பக்கம் லைக்கார்ட் ஓவல்.

உள்ளே போனால் பாதி மைதானத்துக்கு நாற்காலியே கிடையாது. சரிவான புல்மேடு. விரிப்பைப் போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். மேலே பழைய ஸ்கோர்போர்டு நிற்கும். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் கனோலி விற்பவர் கூவிக்கொண்டே கூட்டத்துக்குள் ஏறி இறங்குவார். கனோலி என்பது குழல் மாதிரிப் பொரித்து உள்ளே கிரீம் நிரப்பிய இத்தாலியப் பலகாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லைக்கார்டில் குடியேறிய இத்தாலியர்கள் கொண்டுவந்தது. ஸ்டேடியம் என்றால் சிப்ஸும் பீரும் என்று ஆகிவிட்ட ஊரில், இந்த ஒரு மைதானத்தில் மட்டும் ரசிகர்கள் கனோலிக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த மைதானத்தை ‘உலகின் எட்டாவது அதிசயம்’ என்று அவர்கள் செல்லமாகச் சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் இந்த மைதானத்தில் தொடர்ந்து ஆடுமா என்ற கேள்வி பல ஆண்டுகளாகவே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சீசனில் அணிக்கு அமையும் சொந்த ஆட்டங்கள் சுமார் பன்னிரண்டு. அதில் லைக்கார்டுக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதி, தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கேம்பல்டவுனுக்கும் பரமட்டாவில் உள்ள அரசின் பெரிய ஸ்டேடியத்துக்கும் போகின்றன. எல்லோரும் நேசிக்கும் ஒரு மைதானத்தில் ஏன் ஆட்டங்கள் குறைகின்றன? அன்பு போதாமல் போனது காரணமில்லை. இந்த விளையாட்டின் பணக்கணக்கும் ஊரின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ரக்பி லீக் பற்றி இரண்டு வரி. பக்கத்துக்கு 13 பேர் ஆடும் ஆட்டம் இது. 1895ல் இங்கிலாந்தின் வடபகுதி கிளப்புகள், வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, ரக்பி யூனியனில் இருந்து பிரிந்தன. அப்படிப் பிறந்த ஆட்டம் 1908ல் சிட்னியில் போட்டித் தொடராகத் தொடங்கியது. தொடக்கம் முதலே இது தொழிலாளர் குடியிருப்புகளின் ஆட்டம். ஒவ்வொரு கிளப்பும் ஒரு பேட்டைக்குச் சொந்தம்.

லைக்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பால்மெயின் அப்படிப்பட்ட ஒரு பேட்டை. கப்பல் பழுதுபார்க்கும் மோர்ட்ஸ் டாக், சோப்புத் தொழிற்சாலை, மின் நிலையம், நிலத்துக்கடியில் ஒரு நிலக்கரிச் சுரங்கம்கூட இருந்த இடம். தொழிற்சங்க அரசியல் ஊறிய மண். முதல் சீசனின் முதல் நாளான 1908 ஏப்ரல் 20 அன்று, பர்ச்குரோவ் ஓவலில் பால்மெயின் ஓர் அணியை 24-0 என்று தோற்கடித்தது. அந்த எதிரணி வெஸ்டர்ன் சபர்ப்ஸ். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இந்த இரண்டு கிளப்புகளுமே ஒன்றாகக் கட்டப்பட்டு வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

1934ல் பால்மெயின் லைக்கார்ட் ஓவலுக்கு வந்தது. அதன் பிறகு 1939, 1944, 1946, 1947, 1969 என்று ஐந்து சாம்பியன் பட்டங்கள். வேல்ஸில் பிறந்து இங்கே வந்து தலைவனாக உயர்ந்த கீத் பார்ன்ஸ் பெயரில் இன்று ஒரு கேலரி இருக்கிறது. உள்ளூர்ப் பையனாக வளர்ந்து அணித் தலைவரான வேன் பியர்ஸ் பெயர் புல்மேட்டுக்கு. 1974ல் தொடங்கிய வாரநடுக் கோப்பை ஆட்டங்கள், விளக்கு வெளிச்சத்தில், தொலைக்காட்சிக்காகவே லைக்கார்டில் நடந்தன. அதனால் இந்த மைதானத்துக்குக் கால் வைக்காத ஆஸ்திரேலியர்களுக்கும் இதன் முகம் தெரியும்.

அப்புறம் ஊர் மாறத் தொடங்கியது. கப்பல் வேலைகள் முடங்கின. தொழிலாளர் வாழ்ந்த வீடுகளை வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வாங்கினார்கள். பழைய குடும்பங்களின் பிள்ளைகள் நிலம் மலிவாகக் கிடைத்த மேற்கு, தென்மேற்குப் புறநகர்களுக்குப் போனார்கள். பாசம் மட்டும் லைக்கார்டிலேயே தங்கிவிட்டது.

மக்களைப் பின்தொடர்ந்து கிளப்புகளும் கிளம்பின. ஆஷ்ஃபீல்டின் பிராட்டன் பார்க்கில் ஆடிய வெஸ்டர்ன் சபர்ப்ஸ் 1967ல் லிட்கம் ஓவலுக்குப் போனது. 1987ல் அங்கிருந்து கேம்பல்டவுனுக்குப் போனது. அதற்கு முன்பே நியூட்டவுன் கிளப் கேம்பல்டவுனில் குடியேறப் பார்த்தது. ஆனால் பணமில்லாமல் 1983 சீசனோடு முதல்நிலைப் போட்டியில் இருந்தே விழுந்துவிட்டது. மக்கள் போகும் திசையில் போவது புத்திசாலித்தனம்தான். ஆனால் வழியில் பலர் தொலைந்துபோனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பால்மெயினும் ஒருமுறை போய்ப் பார்த்தது. இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படும் அத்தியாயம் இது. 1995ல் பெயரை ‘சிட்னி டைகர்ஸ்’ என்று மாற்றிக்கொண்டு கிளப் பரமட்டா ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தது. பேட்டையின் பெயரைக் கழற்றினால் முழு நகரமும் நம் பக்கம் வரும் என்பது கணக்கு. ஆனால் போன இடம் எதிரி அணியான பரமட்டா ஈல்ஸின் சொந்த வீடு. பழைய ரசிகர்கள் பின்தொடரவில்லை, புது ரசிகர்கள் சேரவில்லை. அந்த நேரத்தில் பயிற்சியாளராக இருந்தவர் வேன் பியர்ஸ். எந்த மேட்டுக்கு அவர் பெயரோ அந்த மேடு இல்லாத இடத்தில் அவர் அணியை நடத்த வேண்டியிருந்தது. 1997ல் பழைய பெயரோடு லைக்கார்டுக்கே திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்தபோது விளையாட்டே இரண்டாகப் பிளந்திருந்தது. தொலைக்காட்சி உரிமைக்காக நடந்த சூப்பர் லீக் போரில், 1997ல் இரண்டு தனித்தனிப் போட்டிகள் ஓடின. சமாதானம் வந்தபோது ஒரு நிபந்தனையும் வந்தது: 2000 சீசனுக்கு 14 அணிகள்தான். தனியாக நின்றால் வெளியே தள்ளப்படலாம், இணைந்தால் இடம் உண்டு. பால்மெயினும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் 1999ல் கைகோத்தன. ஒரு பக்கம் லைக்கார்ட், மறுபக்கம் கேம்பல்டவுன். இரண்டு ஊர், இரண்டு மைதானம், இரண்டு நினைவு. 2005ல் டைகர்ஸ் வீரர் பென்ஜி மார்ஷலின் அந்த முதுகுப்புறப் பாஸ் இறுதிப்போட்டியை ஒளிரச் செய்து, வடக்கு குயின்ஸ்லாந்து அணியை 30-16 என்று வென்றபோது, இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் கத்தியது உண்மை. ஆனால் ஒரு கோப்பை இரண்டு வீட்டை ஒன்றாக்கிவிடாது.

இணைப்பின் உள்ளே எடையும் சமமாக இருக்கவில்லை. ரக்பி லீக் அணிகளுக்குப் பின்னால் லீக்ஸ் கிளப் என்று ஒன்று உண்டு. உணவகம், பார், வரிசையாகச் சூதாட்ட மெஷின்கள் உள்ள பெரிய கட்டடம். அந்த வருமானத்தில்தான் பல அணிகள் பிழைத்தன. ரோஸெலில் இருந்த பால்மெயின் லீக்ஸ் கிளப் 2010ல் மூடப்பட்டது. அந்த இடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. பால்மெயின் தரப்பு பணத்தில் தேய, ஆஷ்ஃபீல்டில் உள்ள வெஸ்ட்ஸ் லீக்ஸ் கிளப் பெரும்பங்கு உரிமையாளராக ஆனது. லைக்கார்டுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய தரப்பின் கையில் சாவி இல்லாமல் போனது இப்படித்தான்.

இப்போது பணக்கணக்குக்கு வருவோம்.

லைக்கார்ட் ஓவல் கிளப்பின் சொத்து இல்லை. அது இன்னர் வெஸ்ட் கவுன்சிலின் பொதுப் பூங்கா நிலம். கேம்பல்டவுன் மைதானமும் அந்த ஊர் கவுன்சிலுடையது. கிளப் இங்கே வாடகைக்கு வருபவர் மாதிரி. ஆட்ட நாளன்று காவல், துப்புரவு, ஆட்கள், கூடுதல் வசதிகள் எல்லாவற்றுக்கும் செலவு. வரவு எங்கிருந்து? சுமார் 20,000 பேர் கொள்ளும் மைதானம்தான், ஆனால் பெரும்பகுதி புல்மேடும் நிற்கும் இடமும். அந்த டிக்கெட் மலிவு. நிறுவனங்கள் பெரும் விலை கொடுத்து வாங்கும் கண்ணாடி அறைகளும் விருந்துக் கூடங்களும் இங்கே அநேகமாக இல்லை. மழை பெய்தால் புல்மேடு சேறாகிவிடும், கூட்டமும் குறையும்.

பெரிய ஸ்டேடியம் பேசும் பேச்சு வேறு. அதை நடத்துபவருக்கு நாள்காட்டியை நிரப்பியாக வேண்டும். எங்களிடம் இத்தனை ஆட்டம் ஆடுங்கள், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தொகை உறுதி என்று கிளப்பிடம் பேரம் பேசுவார்கள். பணமுடையில் இருக்கும் ஒரு நிர்வாகிக்கு, மழையைப் பற்றிக் கவலைப்படாத வருமானம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு ஆட்டத்தை மாற்றினால் போதும், கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். அடுத்த வருஷம் இன்னும் ஒன்று.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதைத்தான். ஒரு கிளப் தன் மைதானத்தை விட்டுப் போவது பெட்டி படுக்கையோடு ஒரே நாளில் நடக்கும் காரியமில்லை. பன்னிரண்டு எட்டாகி, எட்டு நாலாகி, நாலு இரண்டாகித்தான் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருக்கும். எந்த ஒரு முடிவும் தனியாகப் பார்த்தால் தவறாகத் தெரியாது.

கணக்கின் மறுபக்கத்தை நிர்வாகிகள் குறைவாகவே பேசுகிறார்கள். 30,000 இருக்கை உள்ள பரமட்டா ஸ்டேடியத்தில் 12,000 பேர் வந்தால் தொலைக்காட்சியில் காலி நாற்காலிகள்தான் தெரியும். அதே 12,000 பேர் லைக்கார்டில் இருந்தால் திருவிழா. ரக்பி லீக்கின் மிகப் பெரிய வருமானம் தொலைக்காட்சி உரிமை. பார்ப்பவருக்கு அந்தச் சத்தமும் நெருக்கமும்தான் ஆட்டத்தின் பாதி. எனவே புல்மேட்டில் நிற்கும் குடும்பம் குறைந்த விலை டிக்கெட் வாங்கியது உண்மையென்றாலும், அவர்கள் எழுப்பும் ஆரவாரம் எங்கோ ஒரு கணக்கில் காசாகிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் காசு மைதானத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

சொந்த நிலம் இருந்தால் கதையே வேறு. குரோனுல்லா ஷார்க்ஸ் கிளப் சிட்னியில் அபூர்வம். மைதானமும் சுற்றியுள்ள நிலமும் அதனுடையது. கடன் கழுத்தை நெரித்தபோது பக்கத்து நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட விட்டுத் தப்பித்தது. அந்த வழி டைகர்ஸுக்கு இல்லை.

அரசாங்கமும் நெடுங்காலம் மறுபக்கம் தள்ளியது. 2012ல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு வகுத்த ஸ்டேடியம் கொள்கை மைதானங்களைத் தரம் பிரித்து, சில பெரிய ஸ்டேடியங்களில் பணத்தைக் குவிப்பது என்று முடிவெடுத்தது. பரமட்டாவில் சுமார் 36 கோடி டாலரில் புது ஸ்டேடியம் எழுந்து 2019 ஏப்ரலில் திறந்தது. முதல் ரக்பி லீக் ஆட்டத்திலேயே ஈல்ஸ் டைகர்ஸை 51-6 என்று புரட்டியெடுத்தது. மூர் பார்க்கில் 80 கோடி டாலருக்கு மேல் செலவழித்து இன்னொன்று 2022ல் திறந்தது. அடுத்து பேட்டை மைதானங்களின் முறை என்று வாக்குறுதி தரப்பட்டது. லைக்கார்ட், புரூக்வேல், குரோனுல்லா எல்லாம் பேச்சில் இருந்தன. 2022 ஆகஸ்டில், வெள்ள நிவாரணம்தான் முக்கியம் என்று சொல்லி அன்றைய முதல்வர் டொமினிக் பெரொட்டே அதைக் கைவிட்டார். ரக்பி லீக் ஆணையத் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் கொதித்தார். இறுதிப்போட்டியையே சிட்னியை விட்டு எடுத்துப் போவோம் என்கிற அளவுக்குச் சண்டை முற்றியது. இறுதிப்போட்டி சிட்னியில்தான் நடந்தது, லைக்கார்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படியே விட்டால் இங்கே ஆட முடியாது என்ற பேச்சு அப்போது கிளப் பக்கத்தில் இருந்தே எழுந்தது.

அதை வெறும் மிரட்டல் என்று தள்ளவும் முடியாது. உடைமாற்றும் அறைகள் பழசு, பெண்கள் அணிக்கு வேண்டிய வசதி இல்லை. 2023ல் டைகர்ஸ் பெண்கள் அணியும் தேசியப் போட்டிக்குள் வந்துவிட்டது. 2024 ஜூலையில், பள்ளி மாணவர்களின் ரக்பி யூனியன் ஆட்டத்தின்போது கேலரி முன்னால் இருந்த தடுப்புக் கம்பி சரிந்து மாணவர்கள் கீழே விழுந்தார்கள். அந்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. பழமை அழகுதான், ஆனால் கம்பி பிடுங்கிக்கொண்டு வருவது அழகில்லை.

சில வாரங்களில் பணம் வந்தது. மத்திய அரசு 2 கோடி, மாநில அரசு 1 கோடி, கவுன்சில் 1 கோடி, மொத்தம் 4 கோடி டாலர். அறிவித்த பிரதமர் ஆண்டனி அல்பனீஸியின் சொந்தத் தொகுதி இது. அவர் டைகர்ஸ் ரசிகர் அல்ல, சவுத் சிட்னி ரசிகர். அந்த கிளப்பின் கதை தெரிந்தவருக்கு லைக்கார்டைப் பார்த்தால் நெஞ்சில் ஏதோ இடறும்.

சவுத் சிட்னியின் வீடு ரெட்ஃபெர்ன் ஓவல். பூர்வகுடி மக்களின் நகர வாழ்க்கைக்கு நடுவில் இருந்த மைதானம். ரெட்ஃபெர்ன் ஆல் பிளாக்ஸ் போன்ற பூர்வகுடி அணிகள் வளர்ந்த மண். 1987 சீசனோடு கிளப் அங்கிருந்து கிளம்பி, அடுத்த ஆண்டு மூர் பார்க்கில் திறந்த பெரிய ஸ்டேடியத்துக்குப் போனது. 1999 இறுதியில் போட்டியில் இருந்தே வெளியேற்றப்பட்டது. 2000 நவம்பரில் பல்லாயிரக்கணக்கானோர் சிட்னி வீதிகளில் ஊர்வலம் போனார்கள். நீதிமன்றம் போய்ப் போராடி 2002ல் கிளப் திரும்பி வந்தது. கிளப்பை மீட்க அவ்வளவு பேர் இறங்கினார்கள். ஆனால் போட்டி ஆட்டங்கள் ரெட்ஃபெர்னுக்குத் திரும்பி வரவேயில்லை. 2014ல், 43 ஆண்டுகள் கழித்துக் கோப்பை வென்ற இரவில் ரெட்ஃபெர்ன் தெருக்களில் ஆடிப்பாடியவர்களுக்கு, பக்கத்துப் பூங்காவில் இனி தங்கள் அணி ஆடாது என்பதும் தெரியும்.

வடக்கு சிட்னி பேர்ஸ் நிலைமை இன்னும் மோசம். கோஸ்ஃபோர்டில் கட்டிக்கொண்டிருந்த புது மைதானத்தை நம்பி ஊரைவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். மழை, கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனது. கடனில் மூழ்கி 1999 இறுதியில் பரம எதிரியான மேன்லியோடு இணைக்கப்பட்டார்கள். 2002ல் அந்தக் கூட்டணி கலைந்தது. இப்போது 2027ல் பெர்த் பேர்ஸ் என்ற பெயரில், நாட்டின் மறுகோடியில், அந்தச் சின்னம் முதல்நிலைப் போட்டிக்குத் திரும்புகிறது.

லைக்கார்டின் பக்கம் நின்று பேசும்போது நான் கேம்பல்டவுனை மறக்க விரும்பவில்லை. அங்கே வளரும் ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு லைக்கார்ட் என்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பார்க்க வேண்டிய அப்பாவின் நினைவு. அவளுடைய வீடு கேம்பல்டவுன்தான். 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுகள் அணி தொடர்ந்து கடைசி இடத்தில் முடித்தபோதும் அந்தப் பக்கத்து மக்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். லைக்கார்டில் ஒரு ஆட்டம் கூடினால் அங்கே ஒன்று குறையக் கூடாது. குறைய வேண்டியது இன்னொரு அணியின் வீட்டில் விருந்தாளியாக ஆடும் ஆட்டங்கள்தான். 1995ல் பால்மெயின் போய்ப் பார்த்த அதே பரமட்டா அது. மேற்கு சிட்னியில், வென்ட்வொர்த்வில், டுங்காபி பக்கம் நம் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஸ்டேடியம் பரமட்டா. அந்தப் பிள்ளைகள் யாருக்குக் கத்துகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஈல்ஸ் என்றுதான் பதில் வரும்.

4 கோடி டாலரில் புதுக் கட்டடம், நல்ல உடைமாற்றும் அறைகள், உறுதியான கம்பி எல்லாம் வரும். வரட்டும். ஆனால் கட்டடம் ஆட்டத்தைக் கொண்டுவராது, ஒப்பந்தம்தான் கொண்டுவரும். மக்கள் வரிப்பணத்தில் ஒரு மைதானத்தைப் புதுப்பிக்கும்போது, ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை ஆட்டம், இத்தனை ஆண்டுகளுக்கு என்று ஓர் எண்ணைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். கேம்பல்டவுனுக்கும் அதே மாதிரி. அந்த எண் இல்லாவிட்டால், பளபளக்கும் புது கேலரியில் ஆண்டுக்கு ஓர் ஆட்டம், அதுவும் பழைய ஜெர்சி போட்டு ஆடும் ‘நினைவு நாள்’ ஆட்டம் என்று ஆகிவிடும்.

ஆண்டுக் கடைசியில் அடுத்த சீசனின் அட்டவணை வெளியாகும். மற்ற கிளப்பின் ரசிகர்கள் முதல் ஆட்டம் யாரோடு என்று பார்ப்பார்கள். டைகர்ஸ் ரசிகர்கள் எதிரணிப் பெயரைத் தாண்டி மைதானத்தின் பெயர் இருக்கும் கட்டத்துக்குப் போய், மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணுகிறார்கள்.